ராஜா வீட்டுச் சாமானும் கோட்டைப்பட்டினத்து வத்தையும்

டோக்கியோ நகரத்துக்குப் போய் வந்தவர்கள் யாரும் உவேனோப் பூங்காவைப் பற்றிச் சொல்லாமல் இரார். பங்குனி மாதத்தில் அங்கே செர்ரி மரங்கள் இலை தெரியாமல் பூத்து நிற்கும். அவற்றின் அடியில் பாய் விரித்துக் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்து, குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து பொழுது போக்குவது ஜப்பானியருக்கு ஒரு திருவிழா. நம் நாட்டில் ஆடிப் பெருக்கன்று ஆற்றங்கரைக்குப் போகிறோம் அல்லவா, அதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த இடத்தின் பூர்வ கதை அவ்வளவு இன்பமானதன்று. 1625-ல் கட்டிய கானேயி-ஜி என்னும் பெரிய புத்தர் கோயில் அங்கே இருந்தது. 1868-ல் பழைய ஷோகன் கட்சியாருக்கும் சக்கரவர்த்தியின் சேனைக்கும் நடந்த சண்டையில் கோயிலின் பெரும் பகுதி எரிந்து சாம்பலாயிற்று. வெறிச்சோடிக் கிடந்த மேட்டில் வைத்தியக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் கட்டலாமென்று சர்க்கார் உத்தேசித்தார்கள். போடவின் என்ற டச்சு வைத்தியர் ஒருவர், “இங்கே கட்டடம் வேண்டாம், ஜனங்கள் உலாவும் பூங்காவாக இதை விட்டுவிடுங்கள்” என்று யோசனை சொன்னாராம். வைத்தியரே ஆஸ்பத்திரி வேண்டாம் என்றது அபூர்வமான விஷயந்தான். 1873-ல் அது பூங்காவாயிற்று. 1882-ல் தேசியப் பொருட்காட்சிசாலையும் மிருகக்காட்சி சாலையும் அதற்குள் வந்து சேர்ந்தன. பிற்பாடு விஞ்ஞானக் காட்சிசாலை, சித்திரசாலை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போனார்கள். 1959-ல் திறந்த மேனாட்டுச் சித்திரசாலைக்குப் படம் வரைந்தவர், நம் சண்டிகார் நகரத்தை அமைத்த அதே லெ கார்பூஸியேதான்.

அந்த மிருகக்காட்சி சாலைக்கும் நம் தேசத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1943-ல், யுத்தத்தின் நடுவே, விமானத் தாக்குதலில் கூண்டுகள் உடைந்து மிருகங்கள் ஊருக்குள் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அபாயமான பிராணிகளையெல்லாம் கொன்றுவிடும்படி நகர அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். மூன்று யானைகள் இருந்தன. விஷம் கலந்த கிழங்கைக் கொடுத்தால் அவை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டன. கடைசியில் பட்டினி போட்டார்கள். வித்தை காட்டினால் தின்னக் கிடைக்கும் என்ற பழக்கத்தால், பசியில் தள்ளாடிக்கொண்டே அவை பாகர்களைக் கண்டபோதெல்லாம் முன்னங்கால்களைத் தூக்கி வித்தை காட்டினவாம். பாகர்கள் அழுதார்கள். யானைகள் செத்துப்போயின.

யுத்தம் முடிந்தது. யானையையே பார்த்தறியாத டோக்கியோக் குழந்தைகள், “எங்களுக்கு ஒரு யானை அனுப்புங்கள்” என்று பண்டித ஜவஹர்லால் நேருவுக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். 1949-ஆம் வருஷம் செப்டம்பரில் மைசூரிலிருந்து யானை போய்ச் சேர்ந்தது. தம் குமாரியின் பெயரையே அதற்கு வைத்து, ‘இந்திரா’ என்று அனுப்பினார் நேரு. அதற்குப் பழக்கமான பாஷை கன்னடம். ஆகையால் ஜப்பானியப் பாகர்கள் கன்னடத்தில் ஏவல் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று! 1950-ல் ‘இந்திரா’வை வெளியூர்களுக்கும் அழைத்துச் சென்று காட்டினார்கள். 1983-ல் அது இறக்கும்வரை எத்தனை லட்சம் குழந்தைகள் அதைப் பார்த்திருப்பார்களோ, கணக்கில்லை.

சோற்றுக்கே திண்டாட்டமாக இருந்த காலத்தில் குழந்தைகளுக்கு யானை ஏன் என்று அங்கே ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம்மவர்களிடம் காட்சிசாலை, பூங்கா என்று பேச்செடுத்தால், “அதெல்லாம் பட்டணத்துச் சமாசாரம்” என்று சொல்லிவிடுகிறார்கள். பட்டணம் என்றால் சென்னை. அங்கே 1851-ல் ஒரு மியூஸியம் ஆரம்பித்தார்கள். முதலில் அது கல்லூரிச் சாலையிலிருந்த பழைய காலேஜ் கட்டடத்தில் இருந்தது. அதனால் எழும்பூருக்குக் குடிபோன பிறகும் ஜனங்கள் அதைக் ‘காலேஜ்’ என்றே சொல்லி வந்தார்கள். பாடம் செய்து வைத்த மிருகங்கள் இருந்த இடம் ‘செத்த காலேஜ்’. உயிரோடு திரிந்தவை இருந்த பீப்பிள்ஸ் பார்க் ‘உயிர்க் காலேஜ்’. உயிர்க் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குப் போய்விட்டது. செத்த காலேஜ் எழும்பூரிலேயே இருக்கிறது. இந்த இரண்டு பெயர்களுக்கு ஈடாக எந்தப் புலவரும் பெயர் வைத்திருக்க முடியாது என்பது நம் அபிப்பிராயம்.

ஆனால் பட்டணம் வரையில் போவானேன்? நாம் இந்தத் தடவை புறப்பட்டது கோட்டைப்பட்டினத்திலிருந்து. போய்ச் சேர்ந்தது திருக்கோகர்ணத்துக்கு.

கோட்டைப்பட்டினம், புதுக்கோட்டை ஜில்லாவில் பாக்கு நீரிணையின் கரையில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் ராவுத்தர் அப்பா தர்காவைக் கண்டு நிறுத்துவார்கள். எல்லா மதத்தாரும் அங்கே வந்து நேர்ந்துகொள்கிறார்கள். ஊருக்குக் கிழக்கே மீன்பிடி துறை. விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப் படகுகளுக்கு. சித்திரை பிறந்ததும் அறுபத்தொரு நாள் தடைக்காலம் வந்துவிடும். அப்பொழுது துறை முழுவதும் படகுகள் கட்டிக் கிடக்க, வலைகள் வெயிலில் காய, ஊரே சற்று மௌனமாக இருக்கும். கடல் ஆழமில்லாத கடல். பார்வைக்குக் குளம் போலத் தெரியும். பார்வையை நம்பக் கூடாது. 2021 ஜனவரியில் இந்தக் கரையிலிருந்து போன ஒரு படகு நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படைக் கலத்துடன் மோதி மூழ்கியது. அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். இங்கே பேச்சுக்குப் பேச்சு எல்லைக் கோட்டைப் பற்றிய கவலை வருவதில் ஆச்சரியமில்லை.

இங்கிருந்து அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. கொஞ்சம் சுற்றிப் போகச் சம்மதமுள்ளவர்கள் ஆவுடையார்கோயிலை விடக் கூடாது. திருப்பெருந்துறை என்று மாணிக்கவாசகர் வரலாற்றில் வரும் ஸ்தலம் அதுதான். மூலஸ்தானத்தில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டுமே. சுவாமிக்குப் புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கொட்டி, அதன் ஆவியை நிவேதனம் செய்கிறார்கள். கல்லைத் தகடாக்கி, மரச்சட்டமும் ஆணியும்போலச் செதுக்கின அதன் கொடுங்கைகளைப் பார்த்துவிட்டுக் கழுத்து வலிக்காமல் திரும்பியவர் இல்லை. அந்தக் காலத்துச் சிற்பிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று ஒரு வாசகம் சேர்ப்பார்கள் என்பது இந்தப் பக்கத்து வழக்கு.

புதுக்கோட்டை நேர்நேரான வீதிகளுள்ள ஊர். 1878-ல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார் குளங்களைச் சீர்படுத்திப் பொதுக் கட்டடங்களை எழுப்பினார். தொண்டைமான் அரசர்கள் வெள்ளைக்காரர் காலத்திலும் தங்கள் சமஸ்தானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, 1948-ல் அதை இந்திய யூனியனில் சேர்த்தார்கள். கடைசி அரசர் ராஜகோபாலத் தொண்டைமானுடைய அரண்மனையில்தான் இப்போது ஜில்லா கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. பட்டா மாற்றத்துக்கு மனுக் கொடுக்க வருகிற குடியானவர்கள் ராஜாக்கள் ஏறிய படியில் ஏறிப் போகிறார்கள். இதைக் கண்டு சிலர் பெருமூச்சு விடுவதுண்டு. நமக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

காட்சிசாலை திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. 1910-ல் சமஸ்தானத்தார் ஆரம்பித்தது. இப்போது சர்க்காருடையது. தமிழ்நாட்டு சர்க்கார் மியூஸியங்களில் எழும்பூருக்கு அடுத்தபடி இதைத்தான் பெரியது என்கிறார்கள். பக்கத்திலேயே மகேந்திரவர்மன் காலத்ததென்று சொல்லும் குடைவரைக் கோயிலில் கோகர்ணேசுவரர் இருக்கிறார். அம்பாள் பிருகதாம்பாள், தொண்டைமான்களின் குலதெய்வம். ‘பிருகதாம்பாள் தாஸர்’ என்றே அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். வெளியூரார் ஒன்று கவனிக்க வேண்டும்: வெள்ளிக்கிழமை காட்சிசாலைக்கு விடுமுறை. ஜும்மாத் தொழுகையை முடித்துக்கொண்டு பிற்பகலில் பார்க்கலாம் என்று கிளம்புகிற கோட்டைப்பட்டினத்தார் பூட்டின கதவைத்தான் பார்க்க நேரும்.

உள்ளே பாடம் செய்த பறவைகள், பாறை வகைகள், தாவரங்கள், ஆயுதங்கள், செப்புப் படிமங்கள், சித்திரங்கள், ஆதி மனிதரைப் புதைத்த முதுமக்கள் தாழிகள் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கிறேன் என்று ஓடுகிறவர்களுக்குக் கால்வலிதான் மிச்சம். நாம் காசுகளின் முன்னால் நின்றுவிட்டோம்.

அம்மன் காசைப் பார்த்திருக்கிறீர்களா? விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுதான், செம்பு. ஒரு புறம் பிருகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறு புறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்று இருக்கும். ஒரு ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு இதையும் தானம் செய்வது வழக்கமாம். நாட்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்து ராஜா ராணி தலை போட்ட நாணயம் புழங்கிய காலத்தில், இந்தச் சின்னஞ்சிறு சீமையில் அம்மன் உருவம் போட்ட காசு கைமாறிக்கொண்டிருந்தது. இதைக் கண்டு நம் மனம் சற்று நிமிர்ந்ததென்றால் அது தப்பா?

காசைப் பற்றிப் பேசினால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1898-ல் இந்தச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் ரோமாபுரிப் பொற்காசுகள் 501 அகப்பட்டன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாஸியன் வரையில் உள்ள சக்கரவர்த்திகளின் காசுகள். ஆயிரத்தெண்ணூறு வருஷங்களுக்கு முன்பே மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் விலையாக ரோமாபுரித் தங்கம் நம் கரைக்கு வந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. அந்நிய ராஜாவின் முகம் இங்கே செல்லாது, பொன் மாத்திரம் செல்லும் என்று நம் வியாபாரிகள் காட்டினார்களோ என்னவோ! அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். நமக்கு இந்தக் காரணம் பிடித்திருக்கிறது. அந்தப் புதையலில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குப் போய்விட்டது. புதையல் அகப்பட்டது 1898. இங்கே காட்சிசாலை ஏற்பட்டது 1910. வைத்துக்கொள்ள வீடு இல்லாதவன் வீட்டுப் பொருள் அடுத்தவன் வீட்டில்தான் இருக்கும்.

நாம் அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பேரப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வெயிலும் உப்பும் தின்ற முகம். விசாரித்ததில் அவரும் கோட்டைப்பட்டினத்தார்தான். பையன் புத்திசாலி. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது. ஒவ்வொரு பெட்டியின் முன்னும் நின்று சீட்டிலுள்ள ஊர்ப் பெயரை உரக்கப் படித்துக்கொண்டு வந்தான். கடைசியில், “தாத்தா, நம்ம ஊர் எங்கே தாத்தா?” என்று கேட்டான்.

“நம்ம ஊர் இதிலே வராதுடா. இது ராஜா வீட்டுச் சாமான்” என்றார் பெரியவர்.

அவர் சொன்னதில் சரித்திரம் அடங்கியிருக்கிறது. தொண்டைமான் சீமைக்குக் கடற்கரை கிடையாது. கோட்டைப்பட்டினமும் மணமேல்குடியும் ஆவுடையார்கோயிலும் அறந்தாங்கியும் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை ஜில்லா ஏற்பட்டபோதுதான் கடல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. ராஜா காலத்தில் சேர்த்த பொருள்களில் குன்றும் குடைவரையும் ஏரியும் வயலும் நிறைந்திருக்க, கடலைக் காணாததற்கு யார் பேரிலும் குற்றமில்லை. ஆனால் 1974-க்கு அப்புறமும் ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

மறுநாள் சித்தன்னவாசலுக்குப் போனோம். புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர். அறிவர் கோயில் என்னும் ஜைனக் குடைவரையின் விதானத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் தீட்டின தாமரைத் தடாகம் இருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் பூப்பறிக்கிற மனிதரும் அதில் இருக்கிறார்கள். இல்லை, இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் அழிந்துபோயிற்று. மீதியைத் தொல்பொருள் இலாகா காவல் காக்கிறது. மேலே ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் பழந்தமிழ் எழுத்தும் உண்டு. அடிவாரத்திலே பூங்காவும் படகுத் துறையும் அமைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தடாகச் சித்திரத்தைவிடப் படகுத் தடாகத்துக்குத்தான் கூட்டம் அதிகம். அதனால் பாதகமில்லை. படகு விட வருகிற பத்துப் பேரில் ஒருவராவது மேலே ஏறிப் பார்ப்பாரல்லவா?

திரும்பி வந்த பிறகும் பையனுடைய கேள்வி நம்மை விடவில்லை. கோட்டைப்பட்டினத்துக்கென்று காட்சிசாலையில் வைக்க என்ன இருக்கிறது? பெரியவரைத் தேடிக்கொண்டு போய் அதையே கேட்டோம். அவர் சிறிது நேரம் யோசித்து, “வத்தை இருந்துச்சு, ஐயா” என்றார்.

வத்தை என்பது பாக்கு நீரிணைக்கே சொந்தமான பாய்ப் படகு. பெரிய வத்தைகளுக்கு மூன்று பாய்மரம் உண்டு. இந்தக் கடல் ஆழமில்லாததால் படகின் அடியும் ஆழமாக இராது. ஆகவே பாயில் காற்று நிறைந்தால் படகு ஒரு புறமாகச் சாயும். அதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த உபாயம் ஒரு பலகை. படகின் குறுக்கே நீண்ட பலகையைப் போட்டு, காற்று வருகிற பக்கம் வெளியே நீட்டி, அதன் நுனியில் ஆட்கள் ஏறி உட்காருவார்கள். காற்று ஓங்கினால் இன்னும் ஒருவர் ஏறுவார். தணிந்தால் ஒருவர் உள்ளே வருவார். மனிதர்களே தராசுப் படிக்கல்! சென்னை மாகாணத்து மீன் இலாகாவின் டைரெக்டராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் நூறு வருஷங்களுக்கு முன்பே இந்தப் படகுகளைக் கண்டு வியந்து எழுதினார். நாம் எழுதினோமா என்றால் இல்லை.

“பலகையிலே நாலு பேர் உட்கார்ந்தா நாலு பேருக்கும் ஒரே மனசு இருக்கணும், ஐயா. ஒருத்தன் பயந்து முந்தி எழுந்தாலும் படகு கவிழ்ந்துடும்” என்றார் பெரியவர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பாயை எப்படித் திருப்புவது என்று கையாலேயே காட்டினார். பேரப் பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அதுவே முதல் தடவை போலிருக்கிறது.

1960-களுக்குப் பிறகு விசைப்படகுகள் பெருகின. அப்புறம் நாட்டுப் படகுகளிலும் இயந்திரம் ஏறிற்று. மரம் போய்ப் பைபர் வந்தது. பிழைப்புக்கு எது உதவுமோ அதை மீனவர் எடுத்துக்கொண்டார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் பாய் வத்தை ஓட்டினவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

ஜப்பானில் மியே மாகாணத்தில் தோபா என்று ஒரு சிறு கடற்கரை ஊர். 1893-ல் மிகிமோதோ என்பவர் சிப்பிக்குள் முத்து விளைவித்து, நம் மன்னார் முத்துக்குளிப்பின் மதிப்பைக் குறைத்த பகுதி அதுதான். அங்கே 1971-ல் கடல் தொழில் செய்கிறவர்களுக்கென்றே ஒரு காட்சிசாலை ஏற்படுத்தினார்கள். வைரமும் கிரீடமும் அதில் இல்லை. வலை, தூண்டில், கூடை, மூழ்கிச் சிப்பி எடுக்கிற பெண்களின் உடை, பழைய மரப்படகுகள். படகுகள் மட்டும் எண்பது தொண்ணூறு சேர்த்திருக்கிறார்கள். பழங்கோயில் மண்டபம்போல் நீண்ட ஒரு கூடத்தில் அவை வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றில் அநேகம் விறகுக்குப் போகவிருந்தவையாகவே இருக்க வேண்டும்.

கோட்டைப்பட்டினத்துக்கு அவ்வளவு பெரிய கூடம் கேட்கவில்லை. ஒரு கொட்டகை போதும். பழைய தச்சர் ஒருவரைக் கொண்டு ஒரு வத்தை கட்டச் செய்து பாயும் பலகையுமாக நிறுத்தலாம். கூடவே கடற்பசுவின் படம் ஒன்று. ஆவுளியா என்று இங்கே சொல்கிற அந்தச் சாதுப் பிராணி கடற்புல்லை மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கிறது. அதற்காக 2022 செப்டம்பரில் தமிழ்நாடு சர்க்கார் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். அது அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை நீள்கிறது. அம்மாபட்டினம் கோட்டைப்பட்டினத்துக்கு அண்டை ஊர். வலையில் தப்பித் தவறி அகப்பட்ட கடற்பசுவை அறுத்துவிட்டு விடுகிற மீனவருக்குச் சன்மானமும் கொடுக்கிறார்கள். தங்கள் கடலில் இப்படி ஒரு ஜீவன் இருக்கிறதென்று ஊர்க் குழந்தைகள் எங்கே பார்ப்பது?

இதைச் சர்க்கார்தான் செய்ய வேண்டுமென்பதில்லை. படகுச் சங்கத்தாரும் ஜமாஅத்தாரும் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களும் கூடி உட்கார்ந்தால் ஒரு தடைக்காலத்துக்குள் கொட்டகை எழும்பிவிடும். அறுபத்தொரு நாள் போதும். வத்தை கட்டத் தெரிந்த கைகளுக்குத்தான் அவசரம்.

பெரியவர் வீட்டு வாசலில் பத்து முழத்துக்கு மேல் நீளமுள்ள ஒரு கனத்த பலகை, இரண்டு கற்களின்மேல் கிடக்கிறது. பேச்சு முடிகிற வரையில் நாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தோம். எழுந்த பிறகுதான் அது என்ன பலகை என்று அவர் சொன்னார். ஒரு முனையில் கயிறு அறுத்த தழும்பு விரல் ஆழத்துக்கு இருக்கிறது. மறு முனை, நாலு பேர் உட்கார்ந்து உட்கார்ந்து, வழவழவென்று தேய்ந்திருக்கிறது.